வேர்டில் எழுதியது ரைட்டரில் கலைந்து போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் லினக்ஸ் இருக்கிறது. அதில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர். மகளின் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் வேர்ட். தம்பி எதையும் கூகுள் டாக்ஸில்தான் திறப்பான். கல்லூரி புராஜெக்ட், குடியிருப்போர் சங்கக் கடிதம், அப்பா எழுதிவைத்த குடும்ப வரலாறு என்று ஒரே கோப்பு மூன்று பேரிடமும் போய்வரும். போய்வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒரு நாள் எழுத்தின் அளவு, ஒரு நாள் பக்க எண், ஒரு நாள் மொத்தத் தமிழும் காணாமல் போயிருக்கும்.

இதைச் சரிசெய்து சரிசெய்து ஒன்று பிடிபட்டது. ஓர் ஆவணத்துக்குள் மூன்று சங்கதிகள் தனித்தனியாக இருக்கின்றன. எந்த எழுத்து என்று கணினி நினைவில் வைத்திருக்கும் குறியீடு ஒன்று. அந்த எழுத்தை வரைந்து காட்டும் எழுத்துரு இன்னொன்று. பக்கம், பத்தி, படம், அட்டவணை எல்லாம் எங்கே உட்கார வேண்டும் என்ற அமைப்பு மூன்றாவது. உடைந்தது இதில் எது என்று தெரியாமல் கை வைத்தால், நன்றாக இருக்கும் மற்ற இரண்டும் கெடும். எழுத்துரு இல்லாததால் கோணலாகத் தெரியும் ஒரு கடிதத்தை வரி வரியாகத் திரும்பத் தட்டச்சு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்துருவை நிறுவியிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

எதைத் தொடும் முன்பும் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, வேறு பெயரில் வையுங்கள். சோதனை எல்லாம் நகலில் நடக்கட்டும். திறந்ததும் ஏதோ கலைந்திருக்கிறது என்று தெரிந்தால், மூடும்போது 'சேவ் செய்யவா?' என்று கேட்கும் கேள்விக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். கலைந்த நிலையில் சேமித்துவிட்டால், மீட்க வேண்டிய தகவல் சில நேரம் அங்கேயே அழிந்துவிடும்.

கோப்பு திறக்கவே இல்லை

முதலில் கோப்புப் பெயரின் வால் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். கோப்புறைச் சாளரத்தின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தெரியும். டாக் என்பது வேர்ட் 97 முதல் 2003 வரை இருந்த பழைய வடிவம். டாக்எக்ஸ் 2007-ல் வந்தது. ஓடிடி என்பது லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவம். 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. இன்றைய வேர்ட், ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றும் இந்த மூன்றையும் திறக்கும்.

வால் பகுதியை மட்டும் கையால் மாற்றி எழுதினால் வடிவம் மாறிவிடாது. ஓடிடி கோப்புக்கு டாக்எக்ஸ் என்று பெயர் வைத்தால் உள்ளே இருப்பது ஓடிடிதான். வேர்ட் குழம்பி, கோப்பு பழுது என்று சொல்லும். பழைய பெயரைத் திருப்பி வையுங்கள், ரைட்டரில் திறந்து சேவ் ஆஸ் கொடுங்கள், பட்டியலில் 'வேர்ட்' என்று தொடங்கி டாக்எக்ஸ் என்று முடியும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

டபிள்யூபிஎஸ் என்று முடியும் கோப்பு வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ் என்ற பழைய மென்பொருளும் இந்த வாலைத்தான் வைத்திருந்தது. இன்று பலர் பயன்படுத்தும் டபிள்யூபிஎஸ் ஆபீஸும் அதே வாலை வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு வடிவங்கள். முன்னது என்றால் ரைட்டர் திறந்து பார்க்கும். பின்னது என்றால், அனுப்பியவரிடமே டாக்எக்ஸாகச் சேமித்து அனுப்பச் சொல்வதுதான் சுருக்கமான வழி.

வடிவம் சரி, ஆனாலும் கோப்பு பழுது என்கிறதா? வேர்டின் ஓப்பன் பொத்தானை ஒட்டிய சிறு அம்பில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' இருக்கிறது. அதுவும் கைவிட்டால் ரைட்டரில் திறந்து பாருங்கள். ஒன்று கைவிட்ட கோப்பை இன்னொன்று திறந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசியாக இன்னொரு வழி: டாக்எக்ஸும் ஓடிடியும் உண்மையில் ஜிப் பொட்டலங்கள். நகலின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், படங்களும் எழுத்துகள் அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பும் உள்ளே தனித்தனியாகக் கிடக்கும். அலங்காரம் எல்லாம் போய்விடும், எழுதியது கிடைத்துவிடும்.

திறக்கிறது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வருகின்றன

தமிழ்க் குடும்பங்களில் அதிகம் மனதை வாட்டும் பிழை இதுதான். இருபது ஆண்டுக்கு முன் டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கிய தாத்தாவின் நினைவுக் குறிப்பு, திருமணப் பத்திரிகை வாசகம், கோயில் மலர்க் கட்டுரை எல்லாம் இப்போது திறந்தால் பொருளற்ற ஆங்கிலமாக நிற்கும். அழிந்துவிட்டது என்று நினைத்துக் கோப்பையே நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் தரும் பொதுக் குறியீடான யூனிகோடு பரவும் முன், தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுத, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. பாமினி எழுத்துரு இருந்தால் 'தமிழ்' என்று தெரியும். இல்லாத கணினியில் அந்தக் குறிகளே தெரியும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பாமினி மிகுதி. தமிழ்நாட்டுக் கடைகளில் வானவில், ஸ்ரீலிபி வகைகள் புழங்கின. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக்கியது. ஒவ்வொன்றின் விசைப் பொருத்தமும் வேறு.

சோதிப்பது எளிது. தமிழாகத் தெரியும் ஏதேனும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய குறியீடு. உடனே கன்ட்ரோல் இசட் போட்டுத் திரும்பிவிடுங்கள்.

பழைய குறியீடுதான் என்று உறுதியானால், எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க வேண்டும். குப்பை வரியின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் படியுங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். கலைந்த கோப்பைச் சேமிக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். யாரோ ஒருவர் 'சரியாகத் தெரியவில்லையே' என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துரு போட்டுச் சேமித்துவிட்டால், அந்தப் பெயர் தொலைந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு குறியீடாக ஊகித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்ததும் அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும். ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்து அனுப்பும் வீட்டிலும் இதே கதை நடக்கும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பாமினி, டாம், டாப், திஸ்கி என்ற இன்னொரு பழைய குறியீடு எல்லாவற்றையும் மாற்றித் தரும். இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ்க் குப்பை ஆக்கிவிடும். வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் 'மோர்', அதில் 'ஃபார்மட்', அதில் 'ஃபான்ட்' என்று போனால் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேடிப் பிடிக்கலாம். அவற்றை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துருவிலேயே திருத்தம் செய்ய உட்கார்ந்தால், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்டை முதலில் அணைத்துவிடுங்கள். பாமினியில் சிறிய ஜே என்றால் 'த', பெரிய ஜே என்றால் 'து'. சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. 'தமிழ்' என்று அடித்தது 'துமிழ்' ஆகும். 'மரம்' என்றது 'முரம்' ஆகும். அப்பாவின் குடும்ப வரலாற்றில் புதிதாகச் சேர்த்த பத்திகளில் மட்டும் வாக்கியத்தின் தொடக்கம் விசித்திரமாக இருக்கிறதே என்று ஒரு மாலை முழுதும் தேடி, கடைசியில் காரணம் இதுவென்று கண்டேன்.

வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது

குறியீட்டுக்கான உருவம் எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை என்று பொருள். இன்றைய கணினிகளில் யூனிகோடு தமிழுக்கு இது அநேகமாக நடக்காது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொரு தமிழ் எழுத்துருவை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்படியும் பெட்டி வந்தால், டேஸ் 16 குறியீடாக இருக்கலாம். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட குறியீடு அது. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமர்ந்திருப்பதால், அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் பெட்டிதான் வரும். மாற்றியில் டேஸ் என்று கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டியலின் புள்ளிக் குறிகள் மட்டும் பெட்டியாக இருந்தால் பயப்பட ஏதுமில்லை. விங்டிங்ஸ் என்ற எழுத்துருவிலிருந்து வந்த குறிகள் அவை. பட்டியலைத் தேர்ந்தெடுத்துச் சாதாரண கரும்புள்ளியைப் போட்டுவிடுங்கள்.

தமிழ் தெரிகிறது, ஆனால் தமிழ் ஓர் அளவிலும் ஆங்கிலம் வேறு அளவிலும் இருக்கின்றன

மகளின் புராஜெக்ட் அறிக்கையில் இது எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. வேர்டில் தமிழும் ஆங்கிலமும் 12 புள்ளி (பாயின்ட்) அளவு. ரைட்டரில் திறந்து இரண்டு பத்தி சேர்த்துத் திருப்பி அனுப்பினால், தலைப்புகளில் தமிழ் சிறுத்தும் ஆங்கிலம் பெருத்தும் நிற்கும்.

காரணம் இரண்டு நிரல்களுக்கும் பொதுவானது. வேர்டும் ரைட்டரும் ஒவ்வொரு பாணிக்கும் (ஸ்டைல்) குறைந்தது இரண்டு எழுத்துருக்களை வைத்திருக்கின்றன: ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்ற 'காம்ப்ளெக்ஸ்' எழுத்து வகைக்கு இன்னொன்று. எழுத்துருப் பெயர், அளவு, தடிமன் எல்லாமே இரண்டு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கு பல கணினிகளில் திரையில் காட்டப்படுவதே இல்லை. நீங்கள் பாணியை மாற்றும்போது முதல் கணக்கு மட்டும் மாறும். தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். லினக்ஸ் ரைட்டரில் இரண்டாவது கணக்கில் லோஹித் தேவநாகரி என்ற இந்தி எழுத்துரு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் தமிழே கிடையாது. ஆகவே கணினி தனக்குத் தோன்றிய ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டிருந்தது.

ரைட்டரில் டூல்ஸ் மெனு, ஆப்ஷன்ஸ், மொழிகளுக்கான பகுதி என்று போய், 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் மொழியாகத் தமிழை வையுங்கள். அப்புறம் பாணிகள் பட்டியலில் அடிப்படைப் பத்திப் பாணியைத் திருத்தத் திறந்தால், எழுத்துருப் பக்கத்தில் இரண்டு பகுதிகளும் தெரியும். இரண்டிலும் எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். தலைப்புப் பாணிகளுக்கும் இதையே செய்யுங்கள். வேர்டில், ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு கன்ட்ரோல் டி அழுத்தினால் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பகுதி வரும். அங்கேயும் அதே அளவு.

வரிக்கு வரி தேர்ந்தெடுத்து அளவைத் திருத்துவதை விட்டுவிடுங்கள். இன்று சரியாகத் தெரியும். அடுத்த முறை கோப்பு போய் வரும்போது திரும்பக் கலையும். பாணியில் திருத்தினால் ஒரே தடவை.

எந்தத் தமிழ் எழுத்துரு என்பதையும் வீட்டில் எல்லோரும் பேசி முடிவுசெய்து கொள்ளுங்கள். லதா விண்டோஸ் 2000 முதல் இருந்தது. விண்டோஸ் 10-ல் அது கூடுதலாகச் சேர்க்க வேண்டிய எழுத்துருக்களின் பட்டியலுக்குப் போய்விட்டது, இப்போது இயல்பாக இருப்பது நிர்மலா யூஐ. லினக்ஸில் இந்த இரண்டும் இருக்காது. மேக் கணினியில் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் என்று வேறு பெயர்கள். எங்கள் வீட்டில் நோட்டோ சான்ஸ் தமிழை எல்லாக் கணினியிலும் நிறுவிவிட்டோம். இலவசம், கூகுள் டாக்ஸின் எழுத்துருப் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய்த பிறகு புகார்களில் பாதி குறைந்துவிட்டது.

மேல்விலங்கும் புள்ளியும் வெட்டுப்படுகின்றன

'கீ', 'க்' போன்றவற்றின் தலை திரையில் சீவப்பட்டது போலத் தெரிந்தால், வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இத்தனை புள்ளி எனக் கட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது; எழுத்துரு மாறியதும் குறை வெளியே வருகிறது. பத்தி அமைப்பில் அதை 'மல்டிபிள்' அல்லது 'சிங்கிள்' ஆக்குங்கள்.

10 பக்கம் இருந்தது 12 ஆகிவிட்டது

தாள் அளவைப் பாருங்கள். ஒரு கணினியில் ஏ4, இன்னொன்றில் அமெரிக்க லெட்டர் என்று இருப்பது அடிக்கடி நடக்கும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி குறைந்தாலே பத்துப் பக்கத்தில் ஒரு பக்கம் கூடும்.

தாள் சரியாக இருந்தால் எழுத்துருதான். ஆங்கிலப் பகுதிக்கு காலிப்ரி போட்டிருந்து அது லினக்ஸில் இல்லையென்றால், கார்லிட்டோவை நிறுவுங்கள். காலிப்ரியின் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் வரைந்தது அது. வரி எங்கே முறிந்ததோ அங்கேயே முறியும். கேம்ப்ரியாவுக்கு கலடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் அப்படி. தமிழ் எழுத்துருக்களுக்கு இப்படி இணை கிடையாது, அதனால்தான் ஒரே எழுத்துருவை எல்லோரும் நிறுவச் சொல்கிறேன். முடியாத இடத்தில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ், 'எம்பெட் ஃபான்ட்ஸ்'. ரைட்டரில் ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பக்கம். கோப்பு பெருக்கும், அவ்வளவுதான்.

இதோடு, புதுப் பக்கம் தொடங்க என்டர் விசையை இருபது முறை தட்டும் பழக்கத்தை விட வேண்டும். கன்ட்ரோலோடு என்டர் அழுத்தினால் பக்க முறிவு விழும். எந்த நிரலில் திறந்தாலும் அந்த அத்தியாயம் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். ஸ்பேஸ் தட்டி நடுவில் கொண்டுவந்த தலைப்பும் இப்படியே ஓடும். நடுவில் வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் ஓடாது.

படம் எங்கோ ஓடிவிட்டது

எழுத்துக்கு மேலே மிதக்கவிட்ட படம் இது. எங்கே மிதக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரலும் தன் வழியில் கணக்கிடுகிறது. வேர்டில் படத்தின் லேஅவுட்டில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்', ரைட்டரில் ஆங்கர் என்ற இடத்தில் 'ஆஸ் கேரக்டர்' என்று வைத்தால், படம் ஒரு எழுத்தைப் போல வரியில் ஒட்டிக்கொள்ளும். டெக்ஸ்ட் பாக்ஸ்கள்தான் இன்னும் மோசம்; பெட்டி தேவைப்பட்டால் ஒற்றை அறை கொண்ட அட்டவணை போடுங்கள், அது மூன்று நிரலிலும் தாக்குப்பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற சொல், தேடினால் கிடைப்பதில்லை

மாற்றி வழியாக வந்த கோப்புகளில் இதைப் பார்ப்பீர்கள். 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறி. ஆனால் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டாலும் திரையில் அதே 'கொ' தெரியும். பல நிரல்களின் தேடலுக்கு இரண்டும் வேறு. பிழையான 'கொ'வைக் கோப்பிலிருந்தே நகலெடுத்து ஃபைண்ட் பெட்டியில் ஒட்டி, ரிப்ளேஸ் பெட்டியில் புதிதாகத் தட்டச்சு செய்து மாற்றுங்கள். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

'கௌ' என்பதில் இன்னும் கவனம். 'கெ'யும் 'ள'வும் சேர்த்து அடித்தாலும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். 'பெளர்ணமி'யைத் திருத்த நினைத்து 'ரிப்ளேஸ் ஆல்' அழுத்திவிடாதீர்கள். தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். இதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

'வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்கிறது, யாரும் இல்லை

மின்சாரம் போய் நிரல் பாதியில் நின்றிருக்கும். கோப்பு இருக்கும் இடத்தில் வேர்ட் அலைக்குறியும் டாலர் குறியும் கொண்டு தொடங்கும் ஒரு சிறு கோப்பையும், ரைட்டர் 'லாக்' என்ற பெயரில் ஒன்றையும் விட்டுச் சென்றிருக்கும். இரண்டும் மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் உண்மையில் திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பின் அந்தச் சிறு கோப்பை மட்டும் நீக்குங்கள்.

வீட்டில் சரியாக இருந்தது, கடையில் அச்சிட்டால் கலைகிறது

ஜெராக்ஸ் கடைக்கு டாக்எக்ஸ் கொண்டுபோகாதீர்கள். அங்குள்ள கணினியில் என்ன எழுத்துரு இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. பிடிஎஃப் ஆக்கி, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரு முறை பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் மூலக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறுவது உண்டு. ரைட்டரில் பிடிஎஃப் ஆக்கும்போது 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் மூல ஓடிடியும் அந்தப் பிடிஎஃப்புக்குள்ளேயே போய் உட்காரும். கடைக்காரர் அச்சிடுவார், நாம் பிறகு ரைட்டரில் திறந்து அதையே திருத்தலாம். அப்பாவின் குடும்ப வரலாற்றை இப்போது அப்படித்தான் எல்லா உறவினருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.